இறக்கத் தெரியாத கை

முருகலட்சுமிக்கு ஒரு பழக்கம் உண்டு. வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒட்டுவாள், மெல்லப் பிரிப்பாள். மறுபடி ஒட்டுவாள், பிரிப்பாள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் செய்வாள், ரேஷன் கடை வரிசையிலும் செய்வாள். இழவு வீட்டில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். அந்த இரண்டு விரல்கள் மட்டும் மடியில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

அவளுடைய அக்கா மகள் ஜோதிகா இதை முதலில் கவனித்தது ஏழாம் வகுப்பில். சித்தி மனசுக்குள் காசு எண்ணுகிறாள் என்று அப்போது நினைத்தாள். கல்லூரிக்குப் போன பிறகு, நரம்புக் கோளாறாக இருக்குமோ என்று பயந்தாள். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"பாகு பாக்குறேன்த்தா."

"இங்க எங்க சித்தி பாகு இருக்கு? பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம்."

"எங்கயோ ஒரு அடுப்புல கொதிச்சுக்கிட்டுத்தான இருக்கும்" என்றாள் முருகலட்சுமி, விரலைப் பிரித்தபடியே.

பரளச்சியில் பிறந்து, எம்.ரெட்டியபட்டியில் வாக்கப்பட்டு, அருப்புக்கோட்டையில் தங்கசாமி அண்ணாச்சியின் கடலைமிட்டாய்ப் பட்டறையில் பதினாலு வருஷமாகப் பாகு காய்ச்சுகிறவள் அவள். இந்த மூன்று ஊர்களில் எதிலும் அவள் முழுசாக இருந்ததில்லை என்று ஜோதிகாவுக்குத் தோன்றும். காலை ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறும்போதே சாயங்கால பஸ்ஸைப் பற்றிப் பேசுவாள். வீட்டுக்கு வந்தால் நாளைக்கு எத்தனை மூட்டைக் கடலை இறங்கும் என்பாள். கல்யாணமான புதிதில் பருத்தி எடுத்தாள். பிறகு தையல் படித்தாள். மெஷின் வாங்கிய ஆறாம் மாதம் அதை விற்றாள். நூல்மில்லில் ஒன்றரை வருஷம் ஷிப்டு பார்த்தாள். ஆடு வளர்த்தாள், அதுவும் அலுத்தது. பட்டறைப் பாகு மட்டும்தான் அவளைப் பதினாலு வருஷம் பிடித்து நிறுத்தியது. ஏனென்று கேட்டால், "மத்த வேலையெல்லாம் நான் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கும். பாகு உக்காராது" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் வீரபாண்டி இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர். வானத்தைப் பார்த்துப் பார்த்தே பொறுமை பழகிய மனிதர். "அவ கால்ல சக்கரம்த்தா" என்பார் ஜோதிகாவிடம். "வீட்டுக்கு ஒரு கல்லு வேணும்ல, அதுக்கு நான் இருக்கேன்."

பட்டறையில் சித்தியின் கை பெரிய பேர் வாங்கிய கை. கொதிக்கிற பாகில் கரண்டியை முக்கி எடுத்து, நுனியில் வழிவதை இரண்டு விரலில் தொட்டு இழுப்பாள். கம்பி நீளும். நீண்டு நீண்டு வந்து, பட்டென்று ஒடியும். அந்த ஒடிதல் அவள் காதுக்கு மட்டும் கேட்கும். "எறக்கு" என்பாள். ஒரு நொடி முந்தினால் மிட்டாய் பிசுபிசுக்கும்; ஒரு நொடி பிந்தினால் காந்தும். பதினாலு வருஷத்தில் அவள் எத்தனை சட்டி கெடுத்தாள் என்று தங்கசாமி அண்ணாச்சியைக் கேட்டால், ஒரு கையின் விரல்களை மடக்கி, அதிலும் இரண்டு மிச்சம் என்று காட்டுவார்.

அவர் மகன் கல்யாணம் மதுரையில் நடந்தபோது பட்டறைப் பெண்களையெல்லாம் வேனில் கூட்டிப்போய் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கவைத்தார். காலைச் சாப்பாட்டில் இட்லி, பொங்கல் வரிசை முடிகிற இடத்தில், தடித்த தோசைபோல ஒன்றை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் மூக்கு நீண்ட சின்னச் சின்ன பாட்டில்கள். எல்லாரும் தாண்டிப் போனார்கள். முருகலட்சுமி நின்றாள். பாட்டிலைச் சாய்த்துத் தோசைமேல் ஊற்றினாள். மாநிறத்தில் தேன்போல இறங்கி, ஓரத்தில் வழிந்து, தட்டில் குளம் கட்டியது. தொட்டு நக்கினாள். பிறகு இரண்டு விரலில் எடுத்து இழுத்துப் பார்த்தாள். கம்பியே வரவில்லை.

அன்றைக்கு சாயங்காலம் பாட்டிலின் படத்தோடு ஜோதிகாவின் வீட்டுக்குத் திருச்சுழிக்கே வந்துவிட்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி."

ஜோதிகா படத்தைப் பெரிசாக்கி வாசித்தாள். அது வெளிநாட்டு ஹேசல்நட் பருப்பின் வாசனை போட்ட பாகு. சேர்மானப் பட்டியலில் சர்க்கரை இருந்தது, தண்ணீர் இருந்தது, வாசனை இருந்தது.

"பருப்பு இல்ல சித்தி."

"இல்லன்னா?"

"வாசம் மட்டும்தான். பருப்பே போடல."

முருகலட்சுமிக்கு அது கோபமா சந்தோஷமா என்று ஜோதிகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. "பருப்பு இல்லாமயே இம்புட்டு வாசம்னா, நம்ம கடலையப் போட்டா எப்படி இருக்கும்? மிட்டாயாகாமத் தப்பிச்ச பாகுதான இது? இட்லிக்கு ஊத்தலாம், ஆப்பத்துக்கு ஊத்தலாம், ஐஸ்கிரீமுக்கு ஊத்தலாம். ஒன் படிப்புல இதெல்லாம் உண்டா?"

ஜோதிகா படித்தது பி.எஸ்ஸி. வேதியியல். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பை முடித்து இரண்டு வருஷமாகத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதாத நாட்களில் எழுதப்போகிற தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "உண்டு" என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகு உண்டா என்று யோசித்தாள்.

வேலை தொடங்கியது. கடலையை வறுத்து, தோல் புடைத்து, ஒன்றிரண்டாக இடித்து, கொதிக்கிற கருப்பட்டி வெல்லப் பாகில் போட்டு மூடிவிட வேண்டும். சாரம் இறங்கியபின் வேட்டித் துணியில் வடிகட்டி, மறுபடி அடுப்பேற்றிச் சுண்டவைக்க வேண்டும். முதல் முறை வந்ததைச் சூடாகப் பணியாரத்தின் மேல் ஊற்றியபோது, இனிப்பே தொடாத வீரபாண்டி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "கடல காடு மொத்தத்தையும் ஒரு கரண்டியில புடிச்சுட்டாளே" என்றார். கொஞ்ச நேரம் நின்றால் கடலை எண்ணெய் மேலே மிதந்தது. அதனால் ஜோதிகா லேபிளில் எழுதினாள்: 'நிலக்கடலைப் பாகு. நன்றாகக் குலுக்கி ஊற்றவும்.' முருகலட்சுமி அதைப் பார்த்துவிட்டு, "என் பேரு எங்க?" என்றாள். ஜோதிகா கீழே சேர்த்தாள்: 'தயாரிப்பு: முருகலட்சுமி, எம்.ரெட்டியபட்டி.'

தூத்துக்குடிக்குப் போகிற நாலுவழிச் சாலையில் கார்க்காரர்கள் நின்று சாப்பிடும் ஒரு ஹோட்டல் இருந்தது. அதன் மேனேஜர் ராஜபாண்டி, பேச்சைக் குறைத்து வேலையைக் கூட்டுகிற ஆள். ஒரு கரண்டி வாயில் போட்டார். கண்ணை மூடித் திறந்தார்.

"ருசி இருக்குக்கா. ஆனா எனக்கு ருசி மட்டும் பத்தாது. பன்னெண்டு பாட்டில் குடுங்க. ஒரு மாசம் என் கிச்சன் அலமாரியில கெடக்கட்டும். பூக்காம, பொங்காம, கெட்டிப்படாம நின்னுச்சுன்னா வாராவாரம் எடுத்துக்கிறேன். நிக்கலேன்னா, அக்கா கோவிச்சுக்கக் கூடாது."

ஒரு மாசம் நின்றால் பட்டறையை விட்டுவிடலாம். இதுதான் முருகலட்சுமியின் கணக்கு. சொந்தமாக அடுப்பு, சொந்தமாகப் பேர். நின்றாக வேண்டும்.

புரட்டாசியில் கொடுத்த பன்னிரண்டும் ஒன்பதாம் நாளே கெட்டிப்பட்டன. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. அடியில் மணல்போலச் சீனி பூத்திருந்தது. ராஜபாண்டி சிரிக்காமல் சொன்னார்: "பாட்டில ஒடச்சா நல்ல கடலைமிட்டாய் கெடைக்கும்கா."

ஜோதிகாவுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். நீர் குறைந்து, கரைசல் தாங்கும் அளவைத் தாண்டினால் சர்க்கரை படிகமாகத் திரும்பும். இதை ஐந்து மதிப்பெண் விடையாகப் படம் போட்டு எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த விடை சித்தியின் அடுப்புக்கு முன்னால் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில்தான் வந்தது. அப்படியென்றால் தான் படித்தது என்ன, எழுதியது என்ன என்று திருச்சுழி வரும்வரை யோசித்தாள். இறங்கியதும் போன் போட்டாள்.

"சித்தி, நீங்க ரொம்ப நேரம் விடுறீங்க. முந்தி எறக்கணும்."

"முந்தி எறக்குனா அது பாகு இல்லத்தா, பானக்கம்."

"பானக்கம் மாதிரிதான் வேணும்."

"தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குதே."

உண்மையும் அதுதான். இந்தத் தடவை சீக்கிரம் இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் அடுப்பு முன்னால் உட்காருவாள். கரண்டியை முக்குவாள். விரல் தானாகப் போய்த் தொடும், இழுக்கும். கம்பி ஒடியாதவரை கை சட்டிக்குப் போகாது. பதினாலு வருஷமாக அந்தக் கைக்கு ஒரே ஒரு முடிவுதான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது.

ராஜபாண்டி இன்னொரு தவணை கொடுத்தார். "இதான் கடைசிக்கா. தீபாவளிக்குள்ள வந்துரணும்."

ஐப்பசி முதல் ஞாயிறு. வீரபாண்டி விதைப்புக்குப் போய்விட்டார். ஒற்றை ஆளாக இரண்டு சட்டி பார்க்க முடியாது என்று முருகலட்சுமி சுமதியைக் கூப்பிட்டாள். சுமதி வீரபாண்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை, பக்கத்துத் தெரு. அரை ஏக்கர் பருத்தியும் ஏழு ஆடும் வைத்திருந்தாள். அந்த ஊரில் இப்படி வந்தால் கூலி கிடையாது. மாத்தாள் என்பார்கள். இன்றைக்கு நீ எனக்கு ஒரு நாள் வந்தால், உன் காட்டில் வேலை வரும்போது நான் ஒரு நாள் வருவேன். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஆனால் ஊரில் யாரும் மறப்பதும் இல்லை.

"மதினி, எனக்கு மிட்டாயும் தெரியாது, பாகும் தெரியாது. கிண்டச் சொன்னா கிண்டுவேன். அம்புட்டுத்தான்" என்று சொல்லிக்கொண்டே சுமதி வந்தாள்.

"கிண்டு போதும். எறக்குறப்ப நான் வந்து பாக்குறேன்."

கொல்லையில் இரண்டு அடுப்பு. ஒன்றில் முருகலட்சுமி, ஒன்றில் சுமதி. ஜோதிகா வடிகட்டவும் பாட்டில் கழுவவும். மூன்று மணி இருக்கும், மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. சுமதி கரண்டியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள்.

"ஆடு வெளிய நிக்குது மதினி."

"நிக்கட்டும். இன்னும் கொஞ்சம் சுண்டணும்."

"எளங்குட்டி ரெண்டு இருக்கு."

"அஞ்சு நிமிசம் புள்ள."

"ஒங்க அஞ்சு நிமிசத்துக்கு எங்க ஆட்டுக்கு சளி புடிக்கும்." சுமதி சட்டியை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஓடியே போனாள்.

முருகலட்சுமி தன் சட்டியை விட்டு நகர முடியாது. அங்கிருந்தே கத்தினாள். தன்னுடையதை முறைப்படி இறக்கிவிட்டு வந்து, சுமதியின் சட்டியில் விரலை வைத்தாள். கம்பி இல்லை. நூல்கூட இல்லை. திருப்பி ஏற்றலாம் என்றால் அதற்குள் தூறல் விழுந்து அடுப்பு புகைந்தது.

"இத ஊத்தி என்னத்துக்கு? நல்லெண்ணெய் மாதிரி ஓடுது."

"பன்னெண்டு பாட்டில் வேணுமே சித்தி. ஒங்க சட்டியில ஆறுதான் வரும்."

முருகலட்சுமி யோசித்தாள். "சரி, ஊத்து. ஆனா அந்த ஆறுக்கும் அடியில ஒரு புள்ளி வையி. அந்தத் தம்பி ஏதும் சொன்னா, இது கத்துக்குட்டி போட்டதுன்னு எடுத்துருவோம்."

ஜோதிகா மார்க்கர் பேனாவால் ஆறு பாட்டிலின் அடியிலும் கறுப்புப் புள்ளி வைத்தாள். பன்னிரண்டிலும் ஒரே லேபிள் ஒட்டினாள். தயாரிப்பு: முருகலட்சுமி.

அந்த ஒரு மாதம் முருகலட்சுமி எங்கேயும் உட்காரவில்லை. பட்டறையில் அண்ணாச்சி இரண்டு தடவை, "என்னம்மா, கால்ல எறும்பா?" என்றார். பட்டறை விட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்து நாலுவழிச் சாலைக்குப் போய், ஹோட்டலுக்கு எதிர்ப்புறம் நின்று, உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறாள். ஜோதிகா கேட்டால், "வெளிச்சம் எரியுதான்னு பாத்தேன்" என்பாள். விரல்கள் ஓயவே இல்லை.

முப்பதாம் நாள் இருவரும் போனார்கள். ராஜபாண்டி அலமாரியிலிருந்து பன்னிரண்டையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். முதல் பாட்டிலைச் சாய்த்தார். அசையவில்லை. இரண்டாவது, அதுவும் கல். மூன்றாவதைச் சாய்த்தபோது பாகு மெதுவாகச் சரிந்து, கழுத்துக்கு வந்து, கரண்டியில் விழுந்தது. நக்கிப் பார்த்தார். மீதியையும் பார்த்தார். முடிவில் மேஜையின் இந்தப்பக்கம் ஆறு, அந்தப்பக்கம் ஆறு.

"ஓடுற ஆறும் அருமையா நிக்குதுக்கா. ஒரு மணல் இல்ல." ஒரு பாட்டிலைத் தூக்கி அடியைப் பார்த்தார். "இதுல எல்லாத்துலயும் ஒரு புள்ளி இருக்கே. என்ன வித்தியாசம்?"

ஜோதிகா சித்தியைப் பார்த்தாள். அவள் கவனித்துவந்த பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு விரல்களும் நின்றிருந்தன.

"அது வேற பதம் தம்பி" என்றாள் முருகலட்சுமி. "ரெண்டு பதத்துல போட்டுப் பாத்தேன். எது நிக்கும்னு."

"அப்ப புள்ளி வச்ச பதம்தான் இனிமே."

"ஆமா. ரெண்டும் என் கைதான்."

ஜோதிகா வாயைத் திறக்கவில்லை. கல்லூரியில் கடைசி வருஷம் எழுதிய ஆய்வறிக்கையில், யாரிடமிருந்து எதை எடுத்தோம் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அதற்குத் தனியாகப் பாராட்டும் கிடைத்தது. இங்கே சொல்லவேண்டியது ஒரே ஒரு பெயர். சொன்னால் சித்தியின் ஆர்டர் போய்விடுமா? போகாது. பின் ஏன் சொல்லவில்லை? சித்தியின் முகத்தை இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை என்பதாலா, அல்லது கல்லூரி நேர்மை மதிப்பெண்ணுக்கு மட்டும்தானா?

பஸ்ஸில் கேட்டாள். "சுமதி அத்தைகிட்டச் சொல்லணும்ல?"

"சொல்லாம?"

"எப்ப?"

"மாசியில அவ காட்டுல பருத்தி வெடிக்கும்ல. மாத்தாளுக்குப் போகணும். பக்கத்து நெரையில நின்னு நானே சொல்லிருவேன். இப்பச் சொன்னா, 'எங்க ஆடுதான் மதினிக்கு பதம் சொல்லிக் குடுத்துச்சு'ன்னு ஊரெல்லாம் தண்டோரா போடுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜோதிகாவுக்கும் சிரிப்பு வந்தது. அதனால் அந்தப் பேச்சு அத்தோடு போய்விட்டது.

ஆர்டர் வந்தது. கை திரும்பவில்லை. அடுத்த மூன்று சட்டியும் கம்பி ஒடிந்த பிறகே இறங்கின. முருகலட்சுமி நேரம் பார்த்தாள், ஜோதிகாவைப் போனில் மணி அடிக்கச் சொன்னாள், வானத்தைப் பார்த்தபடி கிண்டிப் பார்த்தாள். சும்மா போகிற மாதிரி சுமதி வீட்டுக்குப் போய், ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டே, "அன்னைக்கு எப்பப் புள்ள எறக்குன?" என்று கேட்டுவிட்டு வந்தாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கடைசியில் ஒருநாள் காலை, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தனித்தனியாகச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். விரல் தொட்டாலும் கம்பி தெரியாது. கண்ணால் மட்டும் பார்த்து, கரண்டியிலிருந்து வழிவது எண்ணெய்போல இருக்கும்போதே, பல்லைக் கடித்து இறக்கினாள். அது நின்றது.

"கைய நம்பாமப் பாகு காய்ச்சுறேன் பாரு" என்று ஜோதிகாவிடம் கட்டைக் காட்டினாள். குரலில் பெருமை இருந்ததா வருத்தம் இருந்ததா என்று ஜோதிகா இன்னும் யோசிக்கிறாள்.

கார்த்திகை முடிய பட்டறைக்குச் சொல்லிவிட்டாள். மார்கழியில் ராஜபாண்டி ஒரு சேதியோடு வந்தார். ஹோட்டல் முதலாளிக்குக் கோயம்புத்தூரில் பெரிய சமையல்கூடம் இருக்கிறது. அங்கிருந்துதான் எல்லாக் கிளைக்கும் சரக்குப் போகிறது. நிலக்கடலைப் பாகு அவருக்குப் பிடித்துவிட்டது. பாட்டிலை இங்கிருந்து ஏற்றுவதைவிட அக்கா அங்கே வந்து போட்டால் நல்லது. தங்க இடம், சாப்பாடு, சம்பளம்.

"லேபிள்ல என் பேரு இருக்குமா?" என்று கேட்டாள்.

"ஹோட்டல் பேருதான் இருக்கும்கா."

ஒரு ராத்திரி முழுக்க அவள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்ததாக வீரபாண்டி பிறகு சொன்னார். "போகாம இருந்துருவியான்னு கேட்டேன். மாட்டேன்னா. அப்பப் போயிட்டு வான்னேன். ரெண்டு ஏக்கர் எங்கயும் போகாது, நானும் போக மாட்டேன்னேன்."

தைப் பொங்கல் முடிந்த நாலாம் நாள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸில் ஏறினாள். இரண்டு விரலிலும் வெள்ளைத் துணிக் கட்டு. காயமா என்று கண்டக்டர் கேட்டார்.

"சித்தி, சுமதி அத்தைக்கு ஒரு நாளு பாக்கி இருக்கு" என்றாள் ஜோதிகா ஜன்னலுக்குக் கீழே நின்று.

"எனக்கு மறக்குமா? மாசியில வந்துருவேன்."

மாசியில் பருத்தி வெடித்தது. அவள் வரவில்லை, போன் வந்தது. "கல்யாண சீசன்த்தா, ஒரு நாளுகூட விட மாட்டேங்குறாக. எனக்குப் பதிலா நீ போயிட்டு வா. ஒரே வீட்டு ஆளுதான? கழிஞ்சுரும்."

வழக்கப்படி அது சரிதான். ஒருத்திக்கு முடியாவிட்டால் வீட்டில் இன்னொருத்தி போவாள். ஜோதிகா திருச்சுழியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மடியைக் கட்டிக்கொண்டு சுமதியின் செடி வரிசைக்குப் பக்கத்து நிரையில் இறங்கினாள். ஒரு மணி நேரத்தில் சுளை எடுக்கிற விரலெல்லாம் காய் ஓடு குத்தி எரிந்தது.

"பருத்தி எடுக்கச் சொன்னா பரீட்ச எழுதுற" என்றாள் சுமதி, அரை நிரை முன்னால் இருந்து. "ஒவ்வொரு சுளையா யோசிக்காத. கொத்தாப் புடிச்சு இழு."

உச்சி வெயிலில் ஜோதிகா மூன்று தடவை தொண்டையைச் செருமினாள். பிறகு சொன்னாள்.

"அத்த, அன்னைக்கு நின்னது ஒங்க சட்டிதான்."

சுமதியின் கை நிற்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"பாகுல பேரெடுத்தவ, எப்ப எறக்குனன்னு என்னைய வந்து மூணு தடவ கேட்டா, எனக்குத் தெரியாதா? நானும் மூணு தடவையும் 'ஆட்டப் பாத்தேன், எறக்குனேன்'னுதான் சொன்னேன். இதுல மறைக்க என்ன இருக்கு?"

"கோவம் இல்லையா?"

"எனக்கு அந்த சட்டி வேணாம்த்தா. நான் பாட்டுக்கு ஆட்டுக்கு ஓடுனவ. அத வச்சு நான் கோயம்புத்தூருக்கா போகப் போறேன்?" இரண்டு செடி தாண்டி எடுத்தாள். "அவ ஓடட்டும். ஓடுறவள யாரு புடிச்சா. ஆனா என் காட்டுல ஒரு நாள் நிக்கணும்ல?"

"அதுக்குத்தான் நான் வந்திருக்கேன் அத்த."

சுமதி அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

பொழுது சாய, பருத்தியைச் சாக்கில் அமுக்கிக் கட்டியபின், சுமதி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். ஊரில் கூலியாளுக்குக் கொடுக்கிற தொகையை ஒரு ரூபாய் குறையாமல் ஜோதிகாவின் கையில் வைத்தாள்.

"எதுக்கு அத்த? மாத்தாளுக்குக் கூலி உண்டா?"

"மாத்தாளுக்கு இல்ல. நீ கூலிக்கு வந்த, கூலி வாங்கிட்டுப் போ."

"சித்திக்குப் பதிலா..."

"அவளுக்குப் பதிலு அவதான். நீ எடுத்த பருத்திக்கு நான் காசு குடுத்துட்டேன். அவ நாளு அப்படியே இருக்கு. நான் கழிச்சுக்க மாட்டேன், போய்ச் சொல்லிரு." சொல்லிவிட்டு, சாக்கைத் தலையில் தூக்கிவிடச் சொன்னாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜோதிகா போன் போட்டாள். நாலாவது மணி அடிக்கையில் எடுத்தாள் முருகலட்சுமி. பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ யாரையோ அதட்டுவதும் கேட்டன.

"போனியா? கழிஞ்சுச்சா?"

"கழியல சித்தி. எனக்குக் கூலி குடுத்துட்டாக."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது.

"தெரிஞ்சுபோச்சா அவளுக்கு?"

"கார்த்திகையிலயே தெரியுமாம்."

அவசரமாகச் சொன்னாள்: "பாகு ஏறுதுத்தா, வைக்கிறேன். அடுத்த மாசம் எப்படியும் வாரேன்னு சொல்லு."

ஜோதிகா சுமதிக்குப் போன் போட்டுச் சொன்னாள். "அடுத்த மாசத்துக்கு மேல காட்டுல பருத்தி இருக்காதே" என்றாள் சுமதி.

பங்குனியில் கடைசி எடுப்பு முடிந்தது. சித்திரையில் சுமதி காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கி அடுப்புக்குக் கட்டி வைத்தாள். காடு வெறுமனே மழைக்குக் கிடக்கிறது. முருகலட்சுமி இன்னும் வரவில்லை.